ஐந்து நிமிடப் படம் போதாதா? ஃபேஸ்டு அரே ரேடாரும் இடிமழைக் கணிப்பும்

நீங்கள் கேட்டிருப்பது இது: போர்க்கப்பல்களில் இருக்கும் ஃபேஸ்டு அரே ரேடாரை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இடிமழை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதாகப் படித்தீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் தரும் டாப்ளர் ரேடார் இருக்கும்போது இது எதற்கு, இவ்வளவு காலம் சோதித்தும் அமெரிக்கா ஏன் தன் ரேடார்களை இன்னும் மாற்றவில்லை, இந்தியாவில் இந்த வகை ஒன்றுகூட இல்லையா என்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: படம் சீக்கிரம் வந்தால் கணிப்பு உண்மையிலேயே மேம்படுமா, அதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்? நான் வானிலை ரேடார் சமிக்ஞைகளைச் செயலாக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன். ஆன்டெனாவை வடிவமைப்பவன் அல்ல. அதனால் அளவீடு பற்றி உறுதியாகப் பேசுவேன். செலவு, கொள்முதல் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் நெக்ஸ்ராட் வலையமைப்பில் ஏறக்குறைய 160 ரேடார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 8.5 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆன்டெனா. அதிலிருந்து ஒரு பாகை அகலத்தில் கற்றை புறப்படும். அரைப் பாகை ஏற்றக் கோணத்தில் தரையை ஒட்டி ஒரு முழுச் சுற்று, பிறகு கொஞ்சம் தலையைத் தூக்கி இன்னொரு சுற்று, இப்படி 14 கோணங்கள் வரை ஏறி 19.5 பாகையில் முடியும். இதற்கு நாலரை முதல் ஆறு நிமிடம் ஆகிறது. வேகமாகச் சுற்றினால் என்ன? கிண்ணம் கனமானது என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் மழையே. ஒரு திசையிலிருந்து திரும்பி வரும் எதிரொலி என்பது கோடிக்கணக்கான துளிகளிலிருந்து வரும் அலைகளின் கூட்டு. துளிகள் ஒன்றையொன்று விட்டு நகர நகர, அந்தக் கூட்டின் வலிமை சில மில்லி விநாடிகளில் ஏறி இறங்கும். ஒரே ஒரு துடிப்பை அனுப்பி அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. ஒவ்வொரு திசைக்கும் பல பத்துத் துடிப்புகளின் சராசரி வேண்டும். கிண்ணத்தை அவசரப்படுத்தினால் சராசரிக்குத் துடிப்புகள் போதாது, கற்றையும் நகர்ந்து நகர்ந்து கலங்கிப்போகும்.

ஃபேஸ்டு அரேயில் சுற்றும் கிண்ணம் தேவையில்லை. தட்டையான ஒரு பலகை, அதில் ஏறக்குறைய அரை அலைநீள இடைவெளியில் ஆயிரக்கணக்கான சிறு ஆன்டெனாக்கள். மைதானத்தில் தோளோடு தோள் நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கினால் வரிசை நேராக முன்னேறும். ஒரு கோடியில் இருக்கும் பிள்ளை முதலில், அடுத்த பிள்ளை ஒரு கணம் கழித்து, அதற்கடுத்தது இன்னொரு கணம் கழித்து என்று புறப்பட்டால் வரிசை சாய்ந்துபோகும். அலைமுகத்தையும் இப்படித்தான் சாய்க்கிறார்கள். ஒவ்வொரு சிறு ஆன்டெனாவுக்கும் போகும் அலையின் கட்டத்தை (அது ஏறி இறங்கும் தருணத்தை) கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்தால் கற்றை ஒரு பக்கம் திரும்பிவிடும். எந்த இரும்பும் அசைவதில்லை, திருப்புவதற்கு மைக்ரோ விநாடிகள் போதும்.

வேகமாகத் திரும்புகிறது என்பதோடு பலரும் விளக்கத்தை நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன துடிப்புச் சராசரி ஃபேஸ்டு அரேக்கும் வேண்டும்தானே, அப்புறம் எங்கே நேரம் மிச்சமாகிறது? இரண்டு இடத்தில். ஒன்று, அடுத்தடுத்து உடனே அனுப்பும் துடிப்புகள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் திரும்பச் சொல்லும், ஏனென்றால் துளிகள் இன்னும் நகரவில்லை. ஃபேஸ்டு அரே ஒரு திசையில் ஒரு சோடித் துடிப்பை அனுப்பிவிட்டு வேறு திசைகளுக்குத் தாவி, துளிகள் இடம்மாறிய பிறகு திரும்பி வந்து மறுபடி அளக்க முடியும். வீணாகும் துடிப்புகள் குறையும். இரண்டு, வானத்தின் பெரும்பகுதியில் பார்க்க ஒன்றுமே இருக்காது. கிண்ணம் அந்த வெறும் வானத்தையும் சுற்றித்தான் ஆகவேண்டும். ஃபேஸ்டு அரே மேகம் இருக்கும் பக்கம் மட்டும் கற்றைகளைச் செலவழித்து, மற்ற இடங்களை எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும். ஓக்லஹோமாவில் இதைத் தானாகவே செய்யும் நிரல் எழுதி, எதிரொலி இல்லாத கற்றைகளை அணைத்துவைத்துப் பயன்படுத்தினார்கள்.

ஓக்லஹோமா என்றேனே, அதுதான் இந்த விஷயத்தின் மையம். நார்மன் நகரில் தேசியக் கடும்புயல் ஆய்வகம் இருக்கிறது. 2003-இல் அங்கே அமெரிக்கக் கடற்படையின் ஏஜிஸ் கப்பல்களில் இருக்கும் ஸ்பை-1ஏ ஆன்டெனா ஒன்றைக் கொண்டுவந்து நிறுவினார்கள். நீங்கள் படித்த போர்க்கப்பல் ரேடார் இதுதான். 4,352 சிறு ஆன்டெனாக்கள், 9.4 செ.மீ. அலைநீளம், ஒரே முகம், ஒரு நேரத்தில் 90 பாகை அகலம் மட்டும் பார்க்கும். அதற்கு மின்காந்த அலையை ஊட்டியது என்னவோ ஒரு நெக்ஸ்ராட் ரேடாரின் பரப்பிதான் (டிரான்ஸ்மிட்டர்), கொஞ்சம் மாற்றியமைத்தது. 2016 வரை அது வேலை செய்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் இடிமேகங்களை வருடக்கணக்கில் பதிவு செய்து வைத்தது அதன் பெரிய கொடை.

அந்தப் பதிவுகளில் என்ன தெரிந்தது என்றால், ஐந்து நிமிடப் படங்களில் நாம் கதையின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிட்டு நடுப்பகுதியை ஊகித்துக்கொண்டிருந்தோம் என்பது. இடிமேகத்தின் நடு உயரத்தில் தொங்கும் மழைத் திரள் சரிந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் பெருங்காற்றாகச் சிதறும் நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். விமானங்கள் இறங்கும்போது விபத்துக்குள்ளாக்கும் காற்று அது. திரள் இறங்கத் தொடங்குவதிலிருந்து தரையில் காற்று பாயும் வரை சில நிமிடங்கள்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் முதல் படத்தில் திரள் மேலே இருக்கும், அடுத்த படத்தில் காற்று ஏற்கெனவே தரையைத் தொட்டிருக்கும். அரை நிமிடப் படங்களில் அது இறங்குவதைக் கண்ணால் தொடரலாம், அதற்கு முன்பே நடு உயரத்தில் காற்று உள்நோக்கிக் குவிவதையும் பார்க்கலாம்.

டொர்னாடோவின், அதாவது இடிமேகத்திலிருந்து தரை வரை நீளும் சுழல்காற்றின், கதை இன்னும் சுவாரசியமானது. சுழற்சி மேகத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கிவருகிறது என்ற எண்ணம் நீண்ட காலமாக இருந்தது. வேகமாக அளக்கும் நடமாடும் ரேடார்களை டொர்னாடோக்களுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தபோது, ஆராய்ந்த சில நிகழ்வுகளில் சுழற்சி தரைக்கு அருகிலேயோ எல்லா உயரத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்திலோ வலுப்பெறுவது தெரிந்தது. 2013-இல் எல் ரெனோ நகருக்கு அருகே வந்த பிரம்மாண்டமான டொர்னாடோவும் அவற்றில் ஒன்று. அதை அளந்த ராக்ஸ்போல் ரேடார் கிண்ணத்தையே மிக வேகமாகச் சுற்றும் வகை, ஃபேஸ்டு அரே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாடம் ஒன்றுதான். இந்த மாற்றம் பல பத்து விநாடிகளில் முடிந்துவிடுகிறது, மெதுவான ரேடார் அதை வரிசை மாற்றிக்கூடக் காட்டிவிடலாம்.

சரி, ஆராய்ச்சியாளருக்குப் பயன் தெளிவு. எச்சரிக்கை கொடுக்க வேண்டிய கணிப்பாளருக்கு? இதை நார்மனில் பமீலா ஹைன்ஸல்மன் தலைமையில் முறையாகச் சோதித்தார்கள். நாடெங்கும் உள்ள அலுவலகங்களிலிருந்து பணியில் இருக்கும் கணிப்பாளர்களை வரவழைத்து, பழைய நிகழ்வுகளை நேரலை போல ஓடவிட்டு, எச்சரிக்கை கொடுக்கச் சொன்னார்கள். 2012-இல் 12 கணிப்பாளர்கள் ஒரு நிமிடப் படங்களைக் கொண்டு டொர்னாடோ எச்சரிக்கை கொடுத்தபோது முன்னவகாசத்தின் (எச்சரிக்கைக்கும் நிகழ்வுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தின்) இடைநிலை 20 நிமிடம். நாட்டின் வழக்கமான சராசரி பத்து நிமிடத்தை ஒட்டியது என்பதால் இது பெரிய வித்தியாசம். 2013-இல் ஒரு குழுவுக்கு ஒரு நிமிடப் படம், இன்னொரு குழுவுக்கு ஐந்து நிமிடப் படம் என்று பிரித்தார்கள். ஆலங்கட்டி, பெருங்காற்று எச்சரிக்கைகளில் முதல் குழுவின் இடைநிலை 21.5 நிமிடம், இரண்டாவதன் இடைநிலை 17.3. 2015-இல் 30 பேரைக் கொண்டு, படங்கள் வெள்ளமாக வந்தால் மனிதர் திணறிப்போவாரா என்பதையும் பார்த்தார்கள். பெரும்பாலும் திணறவில்லை.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? திசை சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; வேகமான படம் பார்த்தவர்கள் சீக்கிரம் முடிவெடுத்தார்கள், நம்பிக்கையோடும் எடுத்தார்கள். அளவுதான் கேள்வி. பங்கேற்றவர்கள் குறைவு, நிகழ்வுகளும் கைவிரலில் எண்ணக்கூடியவை, ஆய்வகத்தில் தொலைபேசி அடிப்பதில்லை, ஒரே நேரத்தில் ஏழெட்டு மேகங்களைக் கவனிக்க வேண்டியதும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரைத் தாக்கிய ஈஎஃப்5 (வலிமை அளவுகோலின் உச்சப் படி) டொர்னாடோ 24 பேரைக் கொன்றது. அதற்கு வழக்கமான ரேடாரை வைத்தே, அது தரையைத் தொடுவதற்கு 16 நிமிடம் முன்பு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். பெரிய, நீண்ட தூரம் ஓடும் டொர்னாடோக்களை இப்போதைய ரேடாரே ஓரளவு நன்றாகப் பிடித்துவிடுகிறது. நழுவிப்போவது வரிசையாக வரும் இடிமழையின் முகப்பில் திடீரென்று முளைத்து, சில நிமிடத்தில் மறையும் சிறியவை. ஃபேஸ்டு அரேயின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கும் என்பது என் கருத்து. அதுபோக, முன்னவகாசம் கூடக்கூட உயிரிழப்பு குறைந்துகொண்டே போகும் என்றும் சொல்லிவிட முடியாது. கெவின் சிம்மன்ஸ், டேனியல் சட்டர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தபோது, சுமார் 15 நிமிடம் வரை பலன் தெரிந்தது. அதற்கு மேல் உயிரிழப்பில் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை. மக்கள் எச்சரிக்கையைக் கேட்டு என்ன செய்கிறார்கள் என்பது ரேடாருக்கு வெளியே இருக்கும் விஷயம்.

ஜப்பானின் பாதை வேறு, காரணமும் வேறு. 2008 ஜூலை 28 அன்று கோபே நகரில் தோகா ஆற்றங்கரையில் மக்கள் நடந்துகொண்டும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டும் இருந்தார்கள். மேலே பெய்த திடீர் மழையில் பத்தே நிமிடத்தில் ஆறு 1.34 மீட்டர் உயர்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. இந்த மாதிரி மழைக்கு ஐந்து நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். 2012-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் சுய்த்தா வளாகத்தில் தோஷிபாவும் அரசின் தகவல் தொடர்பு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஒரு எக்ஸ் பட்டை (மூன்று செ.மீ. அலைநீள) ஃபேஸ்டு அரே ரேடாரை நிறுவினார்கள். அது பக்கவாட்டில் பொறியால் சுற்றும். மேலும் கீழும் பார்ப்பது மட்டும் மின்னணு முறையில். விசிறி போல அகலமான கற்றையை அனுப்பிவிட்டு, திரும்பி வருவதைக் கணக்கீட்டால் பல மெல்லிய கற்றைகளாகப் பிரித்துக்கொள்கிறது. 60 கி.மீ. ஆரத்துக்குள் உள்ள மழையை அடியிலிருந்து முடி வரை 30 விநாடியில் அளந்துவிடும். 2017-இல் சைத்தாமா பல்கலைக்கழகத்தில் இதன் மேம்பட்ட வடிவம் வந்தது.

அந்தத் தரவை வைத்து ரிக்கன் ஆய்வு நிறுவனத்தின் தக்கேமாசா மியோஷி செய்திருப்பது என்னை மிகவும் ஈர்த்த வேலை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் சமயத்தில், ஃபுகாக்கு மீக்கணினியில் 30 விநாடிக்கு ஒருமுறை புதிய ரேடார் தரவை வானிலைக் கணினி மாதிரிக்குள் ஊட்டி, 500 மீட்டர் கட்டங்களில் அடுத்த 30 நிமிட மழையை நேரலையில் கணித்தார்கள். இது வேகத்துக்காக வேகம் அல்ல, கணிதக் காரணம் உண்டு. இடிமேகத்தின் வளர்ச்சி ஐந்து நிமிடத்தில் கணக்குக்கு அடங்காத அளவு வளைந்துபோகும், ஆனால் அரை நிமிடத்தில் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் மாறும். தரவையும் மாதிரியையும் இணைக்கும் முறைகள் அந்த நேர்கோட்டு அனுமானத்தை நம்பியே நிற்கின்றன. அதனால் அடிக்கடி வரும் தரவு, கணக்கையே எளிதாக்குகிறது. ஆனாலும் இது 30 நிமிடக் கணிப்பு, ஒரு பெருநகரப் பரப்புக்கு. இதை நாடு முழுக்க விரிக்கலாம் என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, அமெரிக்கா ஏன் மாற்றவில்லை என்பது. பணம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அளவீட்டுப் பக்கத்திலிருந்து பார்க்கும் எனக்கு அதைவிடப் பெரிய முட்டுக்கட்டையாகத் தெரிவது டூயல் போலரைசேஷன். 2013-க்குள் நெக்ஸ்ராட் ரேடார்கள் அனைத்தும் கிடையாக அதிரும் அலையையும் செங்குத்தாக அதிரும் அலையையும் சேர்த்து அனுப்பும்படி மாற்றப்பட்டுவிட்டன. பெரிய மழைத்துளி விழும்போது தட்டையாகும், அதனால் கிடை அலையின் எதிரொலி வலுவாக இருக்கும். ஆலங்கட்டி உருண்டு புரண்டு விழுவதால் இரண்டும் சமமாக இருக்கும். டொர்னாடோ தூக்கி எறியும் கூரைத் தகடும் மரக்கிளையும் இரண்டு அலைகளுக்கும் இடையே இருக்கும் ஒற்றுமையையே கெடுத்துவிடும். அதை வைத்து இரவிலும்கூட டொர்னாடோ தரையைத் தொட்டுவிட்டது என்று உறுதி செய்கிறார்கள். கணிப்பாளர்கள் இதை ஒருபோதும் விட்டுத்தர மாட்டார்கள். விடவும் கூடாது.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு எதிரொலிகளின் வித்தியாசம் சில டெசிபெல் அளவுதான். அதை 0.1 அல்லது 0.2 டெசிபெல் துல்லியத்தில் அளந்தால்தான் மழையளவுக் கணக்கு உருப்படியாக வரும். கிண்ணம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஆன்டெனாதான் நேராகப் பார்க்கிறது, ஒரு முறை அளவுத்திருத்தம் செய்தால் எல்லாத் திசைக்கும் பொருந்தும். தட்டைப் பலகையில் அப்படி இல்லை. கற்றை நேர்திசையை விட்டு விலக விலக, குறிப்பாக மூலைவிட்டத் திசையில், கிடை அலையும் செங்குத்து அலையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே இருப்பதில்லை. இரண்டின் வலிமையும் வெவ்வேறு விதமாகக் குறையும். இதனால் வரும் பிழை, அளக்க வேண்டிய மழையின் மதிப்பையே விழுங்கிவிடும் அளவுக்குப் போகலாம். ஒவ்வொரு கற்றைத் திசைக்கும் தனித்தனியாகத் திருத்த எண்கள் வேண்டும், வெப்பநிலை மாறினாலும் உறுப்புகள் சில பழுதானாலும் அவை நிலைத்திருக்கவும் வேண்டும். ஸ்பை-1ஏ இரண்டு வகை அலைகளில் ஒன்றை மட்டுமே கையாளும் என்பதால் இந்தக் கேள்வியை அது தொடவே முடியவில்லை. 2018-இல் அதற்குப் பதிலாக நார்மனில் வைத்த 4,864 உறுப்புகள் கொண்ட புதிய கருவி, முதன்மையாக இதற்கு விடை தேடவே கட்டப்பட்டது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக எண்முறையில் கையாளும் ஹோரஸ் என்ற நடமாடும் ரேடாரையும் உருவாக்கியிருக்கிறார்கள். பலகையை விட்டு உருளை வடிவத்துக்குப் போகலாம் என்ற யோசனையும் அங்கே உண்டு. உருளையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் நேராகப் பார்ப்பதுபோல் இருக்கும். இந்தப் பிழையைத் திருத்த முடியும் என்று நம்புகிறேன். ஆளில்லாத ரேடார் நிலையத்தில், வருடக்கணக்கில், இடையில் யாரும் தொடாமல் அந்தத் திருத்தம் நிற்குமா என்பதைத்தான் இன்னும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அளவும் செலவும் அடுத்தது. நெக்ஸ்ராட் போல ஒரு பாகைக் கற்றை வேண்டுமானால் ஏறக்குறைய 8 மீட்டர் பலகை வேண்டும். 10 செ.மீ. அலைநீளத்தில் 5 செ.மீ.க்கு ஒரு உறுப்பு என்று தோராயமாகக் கணக்குப் போட்டால் ஒரு முகத்துக்கே 20,000 உறுப்புகள், நான்கு முகத்துக்கு 80,000. நார்மனின் 4 மீட்டர் கருவி தரும் கற்றை ஒன்றரைப் பாகையைத் தாண்டுகிறது. ஓரத்தில் 45 பாகைக்குத் திருப்பும்போது கற்றை இன்னும் 1.4 மடங்கு அகலும். சிறு உறுப்புகள் அனுப்பும் திறன் குறைவு என்பதால் நீண்ட துடிப்பு அனுப்பிப் பிறகு சுருக்க வேண்டும். 60 மைக்ரோ விநாடித் துடிப்பு என்றால் அனுப்பி முடிக்கும் வரை முதல் 9 கி.மீ. குருடு, அதை நிரப்ப இன்னொரு குட்டித் துடிப்பு தேவை. விமானக் கண்காணிப்பையும் வானிலையையும் ஒரே ரேடாரில் சேர்த்துச் செலவைப் பகிரலாம் என்று ஒரு காலத்தில் பெரிதாகத் திட்டமிட்டார்கள், அது அந்த வடிவில் நடக்கவில்லை. இப்போது கவனம் பெறுவது நடுவழி: ஒரே முகத்தைச் சுற்றவிட்டு, மேல் கீழ் மட்டும் மின்னணு முறையில் பார்ப்பது. நான்கு முகங்களின் முழுச் சுதந்திரம் கிடைக்காது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு அருகே வந்துவிடலாம், கிடை, செங்குத்து அலைகளில் வரும் அந்தப் பிழையும் பெருமளவு குறையும். எனக்கு இதுதான் நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. இதற்கிடையில் நெக்ஸ்ராட் சும்மா இருக்கவில்லை; கடும் வானிலையின்போது கீழ்க் கோணத்தை மட்டும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கும்படி அதன் நிரலை மாற்றியிருக்கிறார்கள். புதிய ரேடாரின் போட்டியாளர் பழைய ஐந்து நிமிடம் அல்ல, இந்த மேம்பட்ட நெக்ஸ்ராட்தான்.

எந்த ஃபேஸ்டு அரேயாலும் தீராத விஷயங்களும் உண்டு. பூமி வளைந்திருக்கிறது, அரைப் பாகைக் கற்றை 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கி.மீ. உயரத்தில் இருக்கும், 200 கி.மீ.யில் நான்கு கி.மீ. தாண்டிவிடும். அதற்குக் கீழே நடப்பதை எத்தனை வேகமாகப் பார்த்தாலும் பார்க்க முடியாது, ரேடார்களை நெருக்கமாக வைப்பதுதான் வழி. எக்ஸ் பட்டை ரேடார்கள் சிறியவை, மலிவு; சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்த வகை ஃபேஸ்டு அரேக்களை நகரங்களில் வலையாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் மூன்று செ.மீ. அலை கனமழையில் தேய்ந்துபோகும், முன்னால் ஒரு பெருமழை நின்றால் பின்னால் இருப்பது மங்கிவிடும். இன்னொன்று, வங்கக் கடலில் உருவாகும் புயல் எங்கே கரை கடக்கும் என்று இரண்டு மூன்று நாள் முன்பு சொல்வதற்கு இந்த ரேடார் உதவாது. அது செயற்கைக்கோளும் உலகளாவிய மாதிரிகளும் செய்யும் வேலை. இந்த ரேடார் கைகொடுப்பது அடுத்த சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்.

கடைசியாக, இந்தியாவில் ஒன்றுகூட இல்லையா என்ற கேள்வி. இருக்கிறது, அதுவும் முப்பது வருடத்துக்கும் மேலாக. திருப்பதிக்கு அருகே கடங்கியில் இருக்கும் எம்எஸ்டி ரேடார் ஒரு ஃபேஸ்டு அரேதான்: 53 மெகாஹெர்ட்ஸ், 1,024 யாகி ஆன்டெனாக்கள் (பழைய மாடி டிவி ஆன்டெனா போன்றவை), 130 மீட்டருக்கு 130 மீட்டர் வயல் போன்ற பரப்பு. கொச்சியில் 205 மெகாஹெர்ட்ஸில் இன்னொன்று இருக்கிறது. ஆனால் இவை மழையைச் சுற்றிலும் வரைபடமாகக் காட்டுபவை அல்ல. தலைக்கு நேர்மேலேயும் அதிலிருந்து சில பாகை சாய்த்தும் பார்த்து, மேகமே இல்லாத காற்றின் வேகத்தையும் கொந்தளிப்பையும் உயரம் உயரமாக அளப்பவை. மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் அனுபவம் அங்கே நிறைய இருக்கிறது. டூயல் போலரைசேஷனோடு மழையைச் சுற்றிப் பார்க்கும் ரேடாருக்கு அந்த அனுபவத்தில் பாதி உதவும். மீதிப் பாதி, மேலே சொன்ன 0.1 டெசிபெல் சிக்கல், அங்கேயும் புதிதாகவே தொடங்க வேண்டியது.